அனுஷம்மா குடிக்காத காப்பி!

"ஐயோ...! கொன்னுட்டாங்களே...! எங்க வூட்டுக்காரரைக் கொன்னுட்டாங்களே...!"

ஜானகி போட்ட அலறலில், அலோர் காஜா ஊரில் அந்த வீட்டு மாமரத்தில் இருந்த மைனாக்கள் மொத்தமாகக் கிளம்பிப் பறந்தன.

கேட்டைத் திறந்துகொண்டிருந்த இன்ஸ்பெக்டர் பவானேஸ்வரி ஒரு கணம் நின்றாள்.

அடுத்த கணம் ஓடினாள்.

பின்னாலேயே கார்ப்பரல் தேவன். வயிறு முன்னால் ஓட, அவர் அதைத் துரத்திக்கொண்டு ஓடினார்.

கார் நிறுத்தும் இடத்தில், வெள்ளைக் காரின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில், ஒரு மனிதர் மல்லாந்து கிடந்தார். நெற்றியில் திருநீறு. கழுத்தில் துண்டு. கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு கண்ணாடி கிளாஸ் உருண்டு கிடந்தது.

டிரைவர் பிச்சைமுத்து!

தேவன் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார்.

"முடிஞ்சிருச்சு மேடம். பாவம்லா... நல்ல மனுசன். எங்க பாத்தாலும் சிரிப்பாரு..."

"கொஞ்சம் சும்மா இருங்க தேவன்!"

பவானேஸ்வரி மண்டியிட்டாள். பிச்சைமுத்துவின் மூக்கருகே காதை வைத்தாள். 'முருகா, உயிர் இருக்கணும்' என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டாள்.

அப்போது...

"கொர்ர்ர்ர்ர்...!"

பிணம் குறட்டை விட்டது!

தேவன் அவசரமாகத் தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

* * *

பக்கத்து கிளினிக் டாக்டர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தூக்க மாத்திரை. கூடுதல் டோஸ்தான், ஆனா உயிருக்கு ஆபத்தில்ல. வெறும் வயித்துல போயிருக்கு... அதான் ஆளை இப்படிச் சாய்ச்சிருச்சு. உள்ள படுக்க வைங்க. கொஞ்ச நேரத்துல அவரே முழிச்சுக்குவாரு."

"வெறும் வயிறா?" ஜானகி மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அந்த வீட்டில் சமையல் அவள் பொறுப்பு. "மத்தியானம் வெளியிலயே சாப்பிட்டுட்டேன்னு சொன்னாரே டாக்டர்!"

பவானேஸ்வரி அதை மனதுக்குள் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டாள்.

கூடத்தில் ஓர் உயரமான பெண்மணி நின்றுகொண்டிருந்தார். அறுபது வயதைத் தாண்டியவர். பஞ்சு போன்ற வெள்ளை முடி. கிளி மூக்கு. பருத்திப் புடவை.

அனுஷ் அராத்தூன்!

சட்டமன்ற உறுப்பினர். மாண்புமிகு என்ற பொருளில் 'ஒய்.பி.' என்று கட்சிக்காரர்கள் அழைப்பார்கள். தோட்டத்து ஜனங்களுக்கு அவர் 'அனுஷம்மா'. ஆர்மீனிய வம்சம். கொள்ளுத்தாத்தா உயிருக்குப் பயந்து சொந்த மண்ணை விட்டு ஓடி, கல்கத்தா வந்து, அங்கிருந்து கப்பலேறி மலாயா வந்தவர். அப்பா நியாலாஸ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பிள்ளைகளோடு புழுதியில் விளையாடி வளர்ந்ததால், அனுஷம்மா வாயைத் திறந்தால் கொட்டுவது சுத்தமான தோட்டத்துத் தமிழ்!

இன்னும் சில நாட்களில் தேர்தல். இன்று மாலை ஊர் மண்டபத்தில் அவருடைய பெரிய கூட்டம்.

அந்தக் கூட்டத்துக்குத்தான் ஊரே கத்தி தீட்டிக்கொண்டிருந்தது.

போன மாதம் ஒரு தொழிற்சாலை விடுதியில், இரண்டு பையன்கள் ஒருவரையொருவர் நேசிக்கிறார்கள் என்று சொல்லி, அவர்களை அடித்துத் துவைத்து, அதைப் படமும் பிடித்துப் பரப்பியிருந்தார்கள். சட்டமன்றத்தில் எழுந்து நின்று, 'அந்தப் பிள்ளைகள் என்ன திருடினார்கள்?' என்று கேட்டவர் அனுஷம்மா ஒருவர்தான். இன்று அதே பேச்சை மக்கள் முன்னால் பேசப் போகிறார். பாதுகாப்பு ஏற்பாட்டைப் பார்க்கத்தான் பவானேஸ்வரி வந்திருந்தாள்.

"அது என் காப்பி," என்றார் அனுஷம்மா அமைதியாக.

"என்னம்மா?"

"பிச்சை குடிச்சது என் காப்பி, இன்ஸ்பெக்டர். எனக்குன்னு போட்டது."

அப்போது வாசலிலிருந்து ஒருவன் உள்ளே பாய்ந்தான். இரண்டு கையிலும் போன். தேர்தல் வேலைகளை ஓடி ஓடிக் கவனிக்கும் ஷங்கர்.

"ஒய்.பி.! உங்களுக்கு ஒன்னும் ஆகலையே? அப்பாடா...! வாங்க இன்ஸ்பெக்டர் மேடம், சாப்டீங்களா?"

"கொலை முயற்சியா இருக்கலாம்னு விசாரிச்சிட்டு இருக்கேன் மிஸ்டர் ஷங்கர்."

"அதான் கேக்கறேன் மேடம். வெறும் வயித்தோட எப்படி விசாரிப்பீங்க? தேவண்ணே, நீங்க சாப்டீங்களா?"

"இல்லப்பா," என்றார் தேவன் உருக்கமாக. "காலையில ரெண்டு ரொட்டி சானாய்தான்."

"தேவன்!"

"சாரி மேடம்."

ஷங்கர் அனுஷம்மாவின் பக்கம் திரும்பினான். குரல் தழுதழுத்தது. "ஒய்.பி., உங்க காப்பியிலயே மருந்து கலந்துட்டானுங்க! இதுக்கு மேல என்ன வேணும்? கூட்டத்தை கேன்சல் பண்ணிடுவோம். உடம்பு சரியில்லன்னு சொல்லிடறேன்."

"எனக்கென்ன? நான் குத்துக்கல்லு மாதிரிதானே நிக்கிறேன்!"

"அதில்ல ஒய்.பி...."

"நான் பேசறேன் ஷங்கர். போய் மைக் செட்டைப் பாரு."

* * *

அனுஷம்மாவைத் தனியே உட்கார வைத்தாள் பவானேஸ்வரி.

"காப்பியை யாரும்மா போட்டது?"

"பிச்சைதான். ஜானகி பாசாருக்குப் போயிருந்தா. அந்த மாதிரி நேரத்துல அவன்தான் போடுவான். எனக்குச் சக்கரை வியாதி, அதனால கோசோங். சீனி சேர்க்காத கறுப்புக் காப்பி."

"போட்டுட்டு எங்கயாவது வச்சிட்டுப் போனாரா? நடுவுல வேற யாராச்சும்..."

"இல்லையே. அடுப்புல இருந்து நேரா கொண்டாந்து என் கையில குடுத்தான். நான் வாங்கும்போது அவன் முகத்தைப் பாத்தேன். அப்படியே வாடிப்போய், ஒதடு காஞ்சு போய் இருந்துச்சு. 'நீ குடி பிச்சை'ன்னு குடுத்துட்டேன்."

"உங்க காப்பியையா?"

அனுஷம்மா மெல்லச் சிரித்தார்.

"அது எங்க வீட்டுப் பழக்கம்மா. என் கொள்ளுத்தாத்தா ஊரை விட்டு ஓடி வந்தப்போ, வழியில பேர் தெரியாத ஒருத்தி, தன் கையில இருந்த ரொட்டியை அப்படியே குடுத்தாளாம். பாதி இல்ல, முழுசும். அந்த ரொட்டி இல்லைன்னா இன்னிக்கு நான் இல்ல. அதனால எங்க வீட்டுல ஒரு கட்டளை. வாடின முகத்தைப் பாத்தா, கையில இருக்கறதைக் குடுத்துடணும். 'அப்புறம் தரேன்'னு சொல்லக்கூடாது."

"அவரு வாங்கிக்கிட்டாரா?"

"எங்க? 'வேணாம்மா, வேணாம்மா'ன்னு கும்பிட்டான். பின்வாங்கிக்கிட்டே போனான். நான் காரு வரைக்கும் துரத்திட்டுப் போய்க் குடுத்தேன். கடைசியில கண்ணை மூடிக்கிட்டு, பேதி மருந்து குடிக்கிற பிள்ளை மாதிரி ஒரே மூச்சுல..."

பவானேஸ்வரி நிமிர்ந்தாள்.

காப்பியைப் போட்டவர் பிச்சைமுத்து. எடுத்து வந்தவர் பிச்சைமுத்து. வேண்டாம் என்று பின்வாங்கியவரும் பிச்சைமுத்து!

"தேவன்!" வெளியே வந்து கிசுகிசுத்தாள். "மருந்து கலந்தவன் கிடைச்சிட்டான்."

"யாரு மேடம்?"

"குறட்டை விட்டுட்டு இருக்காரே... அவருதான்!"

தேவனின் வாய் திறந்தது. மூடுவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

* * *

பிச்சைமுத்து கண்ணைத் திறந்தபோது, எதிரே பவானேஸ்வரியின் முகம் இருந்தது.

"தூக்கம் எப்படிண்ணே?"

அவர் எழுந்து உட்கார்ந்தார். ஒரு நிமிடம் விழித்தார். பிறகு, ஐம்பத்தைந்து வயது மனிதர், சின்னப் பிள்ளை போல அழ ஆரம்பித்தார்.

"அம்மாவுக்கு ஒன்னும் ஆகலையே மேடம்?"

"அவங்களுக்கு என்ன ஆகும்? மருந்து பூராவும் உங்க வயித்துலதானே இருக்கு! மாத்திரை ஏது?"

"ஜானகியோடது. ராத்திரி தூக்கம் வரலைன்னு டாக்டர் குடுத்தாரு."

"எதுக்குண்ணே இப்படிப் பண்ணீங்க? கூடப் பொறந்த தம்பி மாதிரி உங்களைப் பாத்துக்கிறாங்க..."

"அம்மா இன்னிக்கு மேடை ஏறக்கூடாது மேடம். ஏறினா..." அவர் வாசலைப் பார்த்தார். குரலை இறக்கினார். "ஏறினா என் பையன் வாழ்க்கை போயிடும்."

நேற்று ஒரு போன் வந்ததாம். தெரியாத எண். ஏதோ கருவி வைத்துக் குரலை மாற்றி, வாத்து பேசுவதுபோலப் பேசினானாம் ஒருவன்.

"என் மகன் நிவேந்திரன். இங்கதான் அம்மாவுக்கு போஸ்டர் எல்லாம் செஞ்சு குடுக்கறான். அவனும்... அவன் கூட்டாளி பிரவினும்..." பிச்சைமுத்து துண்டைப் பிசைந்தார். "மேடம், நீங்க போலீசு. உங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

"அக்கா தங்கச்சிகிட்ட சொல்ற மாதிரி சொல்லுங்க."

"போன வருசம் கடலோரம் செர்காமுக்கு மீன் சாப்பிடப் போயிருந்தோம். நெருப்புல சுட்ட மீனு. என் பையன் அந்தப் பையன் தட்டுல இருந்த மீனை எடுத்து, முள்ளை எல்லாம் ஒன்னொன்னா எடுத்துட்டு, திருப்பி வச்சான். அப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சு. கல்யாணமாகி இத்தினி வருசத்துல நான் ஜானகிக்கு ஒரு முள்ளு எடுத்து வச்சதில்ல மேடம்!"

பவானேஸ்வரி சிரிப்பதா, கண்ணைத் துடைப்பதா என்று தெரியாமல் இரண்டையும் அடக்கிக்கொண்டாள்.

"கோவம் வரலையாண்ணே?"

"வந்துச்சு. ஒரு வாரம் சாமிகிட்ட சண்டை போட்டேன். அப்புறம், அந்தப் பையன் வந்ததுக்கப்புறம் என் மகன் சிரிக்கிறானேன்னு பாத்தேன். சண்டையை விட்டுட்டேன். ஆனா ஊருக்குத் தெரிஞ்சா? அந்த விடுதிப் பிள்ளைங்களை அடிச்ச மாதிரி அடிச்சாங்கன்னா? ஜானகிக்குத் தெரிஞ்சா செத்தே போயிடுவா. அதான் யார்கிட்டயும் மூச்சு விடல. அவன்கிட்ட கூட."

"போன்ல என்ன சொன்னான்?"

"ரெண்டு பேரும் தோள்ல தலை சாய்ச்சு எடுத்துக்கிட்ட படம் அவன்கிட்ட இருக்காம். ஒய்.பி. மேடை ஏறினா, அது தோட்டத்துக் கோயில் வாட்ஸாப் குரூப்புல ஏறுமாம். எப்படியாச்சும் கூட்டத்துக்குப் போகாம தடுன்னான்."

"கார் டயரைக் குத்தியிருக்கலாமே?"

பிச்சைமுத்து பதறினார்.

"ஐயோ, அந்த வண்டி என் பிள்ளை மாதிரி மேடம்! குத்த மனசு வரல."

"ஒய்.பி.க்கு மருந்து குடுக்க மனசு வந்துச்சா?"

"அவங்க நல்லாத் தூங்கி ரொம்ப நாளாச்சு. தூங்கட்டுமேன்னு..."

பவானேஸ்வரி நெற்றியில் அடித்துக்கொண்டாள். இவ்வளவு பாசமான ஒரு குற்றவாளியை அவள் பார்த்ததே இல்லை!

"போன் பண்ணவன் பேச்சுல வித்தியாசமா ஏதாச்சும்? நல்லா யோசிங்க."

"மரியாதையாத்தான் பேசினான் மேடம். எடுத்தவுடனே 'சாப்டீங்களாண்ணே?'ன்னு கேட்டான்."

"மிரட்டறவனா?"

"ஆமா. அப்புறம் அவனே, 'அடடே, பொழுது சாயாம நீங்க சாப்பிட மாட்டீங்கல்ல'ன்னான்."

"ஏன் சாப்பிட மாட்டீங்க?"

பிச்சைமுத்து தலையைக் குனிந்தார்.

"தோட்டத்துல தீமிதி வருது. என் மகனுக்கு எந்தக் கெடுதலும் வரக்கூடாதுன்னு நேந்துக்கிட்டேன். பகல்ல பாலு, காப்பி மட்டும். ராத்திரி ஒருவேளை சோறு. காரணம் கேப்பாங்களேன்னு யார்கிட்டயும் சொல்லல. வீட்டுல வெளிய சாப்பிட்டேன்னுவேன். வெளியில வீட்டுல சாப்பிட்டேன்னுவேன். ஜானகிக்கே தெரியாது!"

பவானேஸ்வரி மெதுவாக எழுந்தாள். கண்களில் ஒரு மின்னல்.

கட்டின மனைவிக்கே தெரியாத விரதம்... அந்த வாத்துக் குரலுக்கு எப்படித் தெரிந்தது?

யாரோ ஒருவர் இந்த மனிதர் சாப்பிடுகிறாரா, இல்லையா என்று தினமும் கவனித்திருக்கிறார். அக்கறையோடு!

"நீங்க இன்னும் எந்திரிக்கலை. புரியுதா?" என்றாள். "படுத்து ஒரு குறட்டை விடுங்க பாப்போம்."

"கொர்ர்ர்..."

"சத்தம் போதாது!"

"கொர்ர்ர்ர்ர்ர்!"

"தேவன், கடைக்குப் போயி எல்லாருக்கும் நாசி லெமாக் வாங்கிட்டு வாங்க."

"இதுவும் விசாரணையா மேடம்?"

"விசாரணையே இதுதான்."

தேவன் அவ்வளவு வேகமாக ஓடியதை அந்த வட்டாரம் பார்த்ததில்லை.

* * *

கூட்டத்துக்குக் கிளம்பும் நேரம்.

கூடத்து மேசையில் வாழையிலைப் பொட்டலங்கள் குவிந்தன. தேங்காய்ப்பால் சோற்று வாசனை. யாரும் சொல்லாமலே ஷங்கர் பரிமாற நின்றுவிட்டான். ஆளுக்கு ஒன்றாக எடுத்துக் கொடுத்தான்.

"ஒய்.பி., உங்களுக்குச் சோறு கம்மி, வெள்ளரிக்காய் கூட. ஜானகிக்கா, அழுதது போதும், ஒரு வாய் சாப்பிடுங்க. தேவண்ணே, இந்தாங்க... ரெண்டாவே எடுத்துக்கங்க."

"தங்கமான பையன்லா நீ," என்றார் தேவன் மனப்பூர்வமாக.

பவானேஸ்வரி தன் பொட்டலத்தைப் பிரித்தபடி, யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"பிச்சை அண்ணனுக்கு ஒன்னு எடுத்து வைங்கப்பா. எந்திரிச்சா பசிக்கும்."

"அவருக்கு வேணாம் மேடம்," என்றான் ஷங்கர் சட்டென்று. "பொழுது சாயாம சாப்பிட மாட்டாரு. விரதம்ல? ஜானகிக்கா, கொஞ்சம் பால் காய்ச்சி வைங்க. பாவம், காலையிலேருந்து ஒன்னுமே..."

"விரதமா?" ஜானகி நிமிர்ந்தாள். "யாருக்கு விரதம்? எனக்கே தெரியாதே!"

ஷங்கரின் கை அந்தரத்தில் நின்றது.

"எனக்கும் இப்பதான் தெரியும்," என்றாள் பவானேஸ்வரி. "இது அவருக்கும் சாமிக்கும் மட்டும் தெரிஞ்ச சங்கதி. மூணாவது ஆளு ஒருத்தன்தான். நேத்து அவருக்கு போன் பண்ணி மிரட்டின வாத்து! குரலை மாத்தினீங்க ஷங்கர். குணத்தை மாத்த முடியலையே!"

"மேடம்... நான்... ஆபீஸ்ல அவர் தன் சாப்பாட்டுப் பொட்டலத்தை எல்லாம் காவல்காரருக்குக் குடுக்கறதைப் பாத்தேன். மனசு கேக்கல, விசாரிச்சேன், ஒன்னும் சொல்லல... நானாதான் விரதம்னு..."

"பாத்தீங்க. சரி. அவரு பையனோட படத்தை எங்க பாத்தீங்க? போஸ்டர் செய்யற கம்ப்யூட்டர்லயா?"

ஷங்கர் பின்னால் நகர்ந்தான். சட்டென்று போனை உருவி உயர்த்தினான்.

"யாரும் கிட்ட வராதீங்க! படம் ரெடியா இருக்கு! ஒரு தட்டு... கோயில் குரூப் பூராவும் பாக்கும்!"

ஜானகி "ஐயோ!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏன் ஷங்கர்?" அனுஷம்மாவின் குரலில் கோபம் இல்லை. அது இன்னும் மோசமாகச் சுட்டது.

"நீங்க ஜெயிக்கணும் ஒய்.பி.!" அவன் கண்ணில் நீர். "வீடு வீடா ஏறி ஓட்டுக் கேட்டவன் நான்! அந்தப் பேச்சைப் பேசினா தோத்துடுவோம்! உங்களை மாதிரி நல்லவங்க தோக்கலாமா? ஒரே ஒரு பேச்சு... அதை விட்டுட்டா போதும். சொல்லுங்க, பேச மாட்டேன்னு சொல்லுங்க!"

அனுஷம்மா அவனைப் பார்த்தார். உள்ளறைக் கதவைப் பார்த்தார். பிறகு பையிலிருந்த கண்ணாடியை எடுத்து மேசைமேல் வைத்தார். மேடையில் பேசும்போது மட்டும் அவர் போடும் கண்ணாடி.

"சரிப்பா. பேசலை."

"ஒய்.பி.!" பவானேஸ்வரி திடுக்கிட்டாள்.

"மேடையில ஊருக்கு நியாயம் பேசிட்டு, வீட்டுக்குள்ள ஒரு பிள்ளையைத் தூக்கிக் குடுத்தா, அந்த நியாயம் எதுக்கு இன்ஸ்பெக்டர்? போனைக் கீழ வை ஷங்கர். நான் பேசலை."

"பேசணும்மா!"

கதவருகே பிச்சைமுத்து! சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கால் தள்ளாடியது. குரல் தள்ளாடவில்லை.

"என் பையனுக்காக நீங்க வாயை மூடினா, அடிபட்ட அந்த ரெண்டு பிள்ளைங்களுக்கு யாரும்மா பேசறது? பேசுங்க! வர்றது வரட்டும்!"

ஷங்கரின் கை மெல்ல இறங்கத் தொடங்கியது. பவானேஸ்வரி அதைப் பார்த்தாள்.

தேவன் பார்க்கவில்லை!

"டேய்ய்ய்!" என்று அவர் பாய்ந்தார். தரையில் கிடந்த வாழையிலையில் கால் வைத்தார். சர்ரென்று வழுக்கி, முழு எடையோடு ஷங்கர்மேல் விழுந்தார்.

ஷங்கரின் கட்டைவிரல் அழுந்தியது.

"டிங்!"

படம் போய்விட்டது!

* * *

ஜானகியின் போன் ஒலித்தது. பிச்சைமுத்துவின் சட்டைப்பையில் இன்னொன்று ஒலித்தது. அவர் அதை எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, உதடு அசைய எதையோ முணுமுணுத்தார்.

பவானேஸ்வரி ஷங்கரின் போனைப் பிடுங்கினாள். அழிக்கப் போனவள் நின்றாள்.

முதல் பதில் வந்துவிட்டது. கோயில் பொருளாளர் காளியம்மா. தோட்டமே நடுங்கும் காளியம்மா!

பவானேஸ்வரி படித்தாள். மறுபடி படித்தாள். பிறகு சத்தமாகப் படித்தாள்.

"'டேய் ஷங்கர்! உனக்கு அறிவிருக்கா? இந்தக் குரூப்புல பிச்சை இருக்கான்! உடனே அழி! அவன் பாத்துடப் போறான்!'"

"என்னா?" என்றார் பிச்சைமுத்து.

"டிங்!"

"'சீக்கிரம் டெலிட் பண்ணுலா! பிச்சை அண்ணன் நெஞ்சு தாங்காது!'"

"டிங்!"

"'நிவேனும் பிரவினும் படத்துல அழகா இருக்காங்க. ஆனா பிச்சைக்குத் தெரியக்கூடாதுன்னுதானே எல்லாரும் பேசி வச்சிருந்தோம்?'"

"பேசி... வச்சிருந்தாங்களா?"

பிச்சைமுத்து மெதுவாக மனைவியின் பக்கம் திரும்பினார். ஜானகி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"ரெண்டு வருசத்துக்கு முன்னாடியே அவன் எங்கிட்ட சொல்லிட்டான்," என்று முந்தானைக்குள்ளிருந்து குரல் வந்தது. "நானும் அழுதேன், சாமி கும்பிட்டேன், அப்புறம் சரியாயிட்டேன். உங்களால தாங்க முடியாதுன்னு காளியம்மாக்காகிட்ட யோசனை கேட்டேன். அவங்கதான் தோட்டத்து ஆளுங்க எல்லாரையும் கூப்பிட்டு, 'பிச்சை காதுக்குப் போகக்கூடாது'ன்னு சத்தியம் வாங்கினாங்க. அந்தக் கவலையிலதான் எனக்கு ராத்திரித் தூக்கமே போச்சு!"

"எங்கிட்டயே மறைச்சியாடி?"

"நீங்க எங்கிட்ட மறைக்கலையாக்கும்?"

"டிங்!"

"'வீராசாமி குழுவிலிருந்து வெளியேறினார்'," என்று படித்தாள் பவானேஸ்வரி. கூடம் மறுபடி இறுகியது.

"டிங்!"

"'வீராசாமி சேர்க்கப்பட்டார்.' காளியம்மா எழுதறாங்க... 'தீமிதி அன்னிக்கு அன்னதான சாம்பார் உங்க பொறுப்பு. அதை முடிச்சிட்டு அப்புறம் கோவிச்சுக்கங்க.'"

தேவன் தரையில் உட்கார்ந்தபடியே சிரிக்க ஆரம்பித்தார். அவருக்கு அடியிலிருந்து ஷங்கர் முனகினான்.

அப்போது பிச்சைமுத்துவின் போன் அடித்தது.

திரையில் மகனின் பெயர்.

அவர் எடுத்தார். காதில் வைத்தார். மறுமுனையில் ஒரு பையன் அழுவது கூடத்துக்கே கேட்டது.

"அப்பா... பாத்துட்டீங்களா...?"

என்ன சொல்வது? எந்தத் தகப்பனுக்கும் யாரும் சொல்லிக் கொடுக்காத பதில் அது. கடைசியில், அவருக்குத் தெரிந்த ஒரே வார்த்தையைச் சொன்னார்.

"சாப்டியாப்பா?"

அழுகை நின்றது.

"...இல்லப்பா."

"பிரவின்?"

"அவனும் இல்லப்பா."

"ரெண்டு பேரும் மண்டபத்துக்கு வாங்க. அனுஷம்மா பேசறதைக் கேட்டுட்டு, சேந்து சாப்பிடுவோம். அப்பாவுக்கு... பொழுது சாஞ்சுடும்."

பவானேஸ்வரி மாமரத்தைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டாள். ஆண்டவன் சில நேரம் அருளை வாட்ஸாப்பிலும் அனுப்புகிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

* * *

ஷங்கரைப் போலீஸ் வண்டியில் ஏற்றினார்கள். மிரட்டல் வழக்கு. அவன் தலை நிமிரவில்லை.

அனுஷம்மா வண்டி ஜன்னலுக்கு வந்தார். அவன் பிரிக்காமல் விட்ட பொட்டலத்தை மடியில் வைத்தார்.

"எல்லாருக்கும் குடுத்தே. நீ சாப்பிடலை. சாப்பிடு. நாளைக்கு வக்கீலோட வரேன்."

அவன் உடைந்து அழுதான். செய்த தவறு தவறுதான். ஆனால் பசியோடு தண்டனை அனுபவிக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

"பிச்சை அண்ணன் மேல புகார் குடுக்கறீங்களா ஒய்.பி.?" பவானேஸ்வரி கேட்டாள்.

"என்ன புகார்? என் டிரைவர் என் காப்பியைக் குடிச்சான். அவ்வளவுதானே கேஸ்?"

அன்று மாலை மண்டபம் நிரம்பி வழிந்தது. அனுஷம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேசினார். முன்வரிசை நாற்காலிகள் சில பாதியில் காலியாயின. பின்வரிசையில் நின்றவர்கள் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். ஓரத்தில் இரண்டு இளைஞர்கள். அவர்களுக்கு நடுவே பிச்சைமுத்து, இருவர் தோளிலும் கை போட்டுக்கொண்டு. தேர்தலில் என்ன ஆகுமோ, அது ஆண்டவன் கையில்.

கூட்டம் முடிந்து வெளியே வந்த பவானேஸ்வரி, களைத்துப்போய்த் தூணில் சாய்ந்தாள். முகம் வாடியிருந்தது.

பிச்சைமுத்து ஓடி வந்தார். கையில் பிளாஸ்க். ஆவி பறக்க ஒரு கிளாஸ் ஊற்றி, பணிவாக நீட்டினார்.

"ரொம்ப அலைஞ்சிட்டீங்க மேடம். என் கையால போட்ட காப்பி. குடிங்க!"

பவானேஸ்வரி கிளாஸைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். சட்டென்று இரண்டடி பின்வாங்கினாள்.

"குடிக்கிறேன்ணே... மொதல்ல நம்ம தேவனுக்கு ஒரு வாய் குடுங்க. அவரு எப்படியும் டூட்டியில தூங்கறவருதான்!"